பீடத்துக்கு முன்னால் ஒரு துடைப்பம்

கோயில் நடுவில் நின்றுவிட்டேன்.

எனக்கு முன்னால் போன என் வீட்டுக்காரர் சூசை, உளியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பீடத்துப் படியருகே போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்குப் பின்னால் அமலி, அவளுக்குப் பின்னால் எங்களைப் போல வீட்டு வேலை செய்கிற பெண்கள், அப்புறம் தையல்காரர், ஆட்டோக்காரர், நர்ஸ் என்று ஒரு வரிசையே நிற்கிறது. பாடகர் குழு காணிக்கைப் பாட்டின் பல்லவியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருக்கிறது. மே மாத வெயில். காலைப் பூசைக்கே கழுத்தெல்லாம் கசகச என்றிருக்கிறது. என் கையில் ஒரு பூந்துடைப்பம்.

மைக்கைப் பிடித்திருந்தவர் லூர்துசாமி அண்ணன், எங்கள் கோயில் காரியங்களைப் பார்க்கிற பங்குப் பேரவையின் செயலாளர். கையிலிருந்த தாளைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், மறுபடி தாளைப் பார்க்கிறார். ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வர வேண்டும். அது வராமல் நான் ஓர் அடி எடுத்து வைப்பதாக இல்லை.

அமலி முதுகில் இடித்தாள். "நடடீ ஸ்டெல்லா. எல்லாரும் பாத்துகினு கீறாங்க. மானம் போவுது."

"அவரு சொல்லட்டும்" என்றேன்.

போன வாரம் இந்தத் தொடரில் நான் சொன்ன, என் கல்யாண ஊர்வலத்தில் ஜெனரேட்டர் நின்றுபோன கதையைப் படித்துவிட்டுச் சிலர், "உங்களுக்கு அப்பவே இவ்வளவு கோபம் வருமா?" என்று கேட்டிருந்தார்கள். வரும். இப்போதும் வருகிறது. இந்த வாரக் கதையே அந்தக் கோபத்தினால் வந்ததுதான். நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். பேச்சு வருகிற இடத்தைத் தவிர மற்ற இடத்தில் என் "இன்னா"வையெல்லாம் "என்ன" ஆக்கிவிடுகிறாள், அது அவள் பாடு. ஆனால் "துடைப்பம்னு இத்தனை வாட்டி எழுதணுமாம்மா?" என்று கேட்டாள் பாருங்கள், அங்கேதான் நான் விடவில்லை. எழுது என்றேன்.

நாட்களுக்குக் குறைவில்லாத கோயில்

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் கோயிலுக்குப் புனிதர்களின் திருநாட்கள் போதாது. உலகத்தில் என்னென்ன தினம் உண்டோ அத்தனையும் எங்கள் அறிவிப்புப் பலகைக்கு வந்துவிடும். அப்போதிருந்த பங்குத்தந்தைக்கு அதில் அப்படி ஓர் ஆசை.

மகளிர் தினத்தன்று ஒரு ரோஜாவும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் தருவார்கள். என் சமையலறையில் உப்பு, புளி, மிளகாய் எல்லாம் மகளிர் தினத்தில்தான் இருக்கின்றன. சுற்றுச்சூழல் தினத்தில் மரக்கன்று நடுவார்கள். போன வருஷம் நட்ட அதே குழியில்தான் இந்த வருஷமும் நடுவார்கள், நடுவில் ஆடு தின்றிருக்கும். மனித உரிமை நாளில் ஒரு வக்கீல் வந்து பேசுவார். பெரிய வியாழனன்று, இயேசு தம் சீடர்களுக்குச் செய்தது போல, பன்னிரண்டு பேருக்கு ஃபாதர் பாதம் கழுவுவார். அவர் முழங்காலிட்டுக் குனிகிற நேரத்தில் ஒவ்வொரு வருஷமும் நானும் என்னையறியாமல் முழங்காலிட்டுவிடுவேன். அதை இங்கே கிண்டலாகச் சொல்ல மாட்டேன்.

நவம்பரில் ஏழைகள் தினம். வெஜிடபிள் பிரியாணி போட்டு, இலை விரித்து, ஏழைகளை உட்கார வைத்துப் பரிமாறுவார்கள். எங்கள் தெருவின் ஜெபக் குழுவான அன்பியத்துப் பெண்களையும் உட்கார வைத்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. சாப்பிட்டு முடித்து எழுந்ததும், அந்த அண்டாக்களைக் கழுவ யாரைக் கூப்பிட்டார்கள் என்று நினைக்கிறீர்கள்? எங்களையேதான். பரிமாறியவர்களுக்குக் கை கழுவ வேறு தண்ணீர் மொண்டு ஊற்றினோம்.

இதையெல்லாம் தாண்டி எனக்குப் பிடித்த நாள் ஒன்று உண்டென்றால் அது மே ஒன்றாம் தேதி. ஊருக்கு உழைப்பாளர் தினம். எங்களுக்கு, இயேசுவை வளர்த்த தச்சுத் தொழிலாளரான சூசையப்பர் திருநாள். ஊரில் கொடி ஏற்றுவார்கள். எங்கள் கோயிலில் கருவிப் பவனி நடக்கும்.

உழைத்த கருவி

காணிக்கை நேரத்தில் அப்பத்துக்கும் திராட்சை ரசத்துக்கும் முன்னால் தொழிலாளிகள் அவரவர் கருவியை ஏந்தி வருவார்கள். கொத்தனார் கரண்டி, தையல்காரரின் கத்திரிக்கோல், ஆட்டோக்காரரின் சாவி. செயலாளர் மைக்கில் கருவியின் பெயரைச் சொல்வார், தொழிலைச் சொல்வார், ஆளின் பெயரைச் சொல்வார். ஃபாதர் வாங்கிப் பீடத்தின் முன்னால் வைத்துத் தீர்த்தம் தெளித்து மந்திரித்து ஆசீர்வதிப்பார். பூசை முடிந்ததும் ஆளுக்கு ஒரு முழம் மல்லிகை சுற்றித் திருப்பித் தருவார்கள்.

இதில் ஒரு கட்டளை உண்டு. புதுக் கருவி கூடாது. உழைத்த கருவியாக இருக்க வேண்டும். ஒரு வருஷம் எலக்ட்ரீஷியன் ஒருவர் அட்டை கூடப் பிரிக்காத ஸ்க்ரூடிரைவரோடு வந்து நின்றார். ஃபாதர் பீடத்திலிருந்தே, "அதைக் கடையில குடுத்துட்டு, வேலை செஞ்சத எடுத்துட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். மனிதர் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பழையதை எடுத்து வந்தார். சட்டைப் பொத்தானைக் கூடச் சரியாகப் போடவில்லை.

என் வீட்டுக்காரரின் உளி பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழசாக வாங்கியது. யாரோ ஒரு முகம் தெரியாத தச்சரின் கை பட்டது, பிறகு இவர் கை. பவனிக்கு முந்தின நாள் அதற்கு எண்ணெய் போட்டுத் துடைப்பார். என்னை அப்படி ஒரு நாள் பார்த்ததில்லை என்று சொல்வேன். "உன்ன தீட்டணுமா? நீயே தீட்டிகினு கீற" என்பார்.

அவர் உளியோடு நடக்கும்போது நான் பெண்கள் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பேன். பூசை முடிந்ததும் நேரே வேலைக்கு ஓடுவேன். மே தினம் எல்லோருக்கும் லீவு இல்லையா? அதனால் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், விருந்தாளி வருவார்கள், சிங்க்கில் பாத்திரம் குவிந்து கிடக்கும். வருஷத்திலேயே எங்களுக்கு இடுப்பு ஒடிகிற நாட்களில் அதுவும் ஒன்று.

நான் துடைப்பத்தோடு நின்ற அந்த வருஷம், எங்களைப் போன்ற பெண்களை ஒன்றுசேர்க்கக் கன்னியர் மடத்து சிஸ்டர் ஒருவர் வந்திருந்தார். கோயில் ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்தோம். ஜூன் மாதத்தில் வீட்டு வேலைத் தொழிலாளருக்கென்றே உலகம் முழுக்க ஒரு நாள் இருக்கிறது என்றார். எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கேட்டார்: "மே தினப் பவனியில நீங்க ஏன் நடக்கறதில்ல?"

அமலி சொன்னாள்: "நாங்க இன்னாத்த தூக்கினு போறது சிஸ்டர்? எச்சி தட்டயா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷம் விடிந்ததும் எழுந்து ஓடி, முதுகு வளைந்து, கையெல்லாம் சோப்பு அரித்து, நான் செய்தது தொழில் இல்லையா? சூசை தொழிலாளி, நான் யார்? "தொடப்பம் தூக்கினு போவோம்" என்றேன்.

மாதா எதால பெருக்கினாங்க?

பேரவைக் கூட்டத்தில் போய்க் கேட்டதும் லூர்துசாமி அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். நல்ல மனிதர். ரயில்வேயில் இருந்தவர். கோயிலுக்கென்றால் சொந்தக் காசைப் போடுவார். ஆனால் துடைப்பம் என்றதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

"பீடத்துக்கு முன்னாடி தொடப்பமா? என்ன ஸ்டெல்லா பேசற? ஜனங்க சண்டையில தூக்கறது அது."

"சண்டையில செருப்பும்தான்ணா தூக்கறாங்க. செருப்பு தெக்கிற அண்ணன் ஊசி எடுத்துகினு வர்றாரு, வாங்கறீங்கல்ல?"

"ஊசி வேற, தொடப்பம் வேறம்மா. நான் உங்கள வர வேணாம்னு சொல்லல. நல்ல பட்டுப் பொடவ கட்டிட்டு, பழத்தட்டு ஏந்திட்டு வாங்க. பாக்கவும் அழகா இருக்கும்."

"பழத்தட்டு ஏந்தறதுக்கா எனக்கு சம்பளம் குடுக்கறாங்க?"

ஃபாதர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எங்கிருந்து அந்த வார்த்தை வந்ததோ தெரியாது. தச்சனைக் கட்டிக்கொண்டவள் இல்லையா, தினமும் சாயங்காலம் மரத்தூளோடு மல்லுக்கட்டுகிறவள் இல்லையா, அதனால் வந்திருக்கும்.

"ஃபாதர், சூசையப்பர் தச்சரு. மரத்த எழச்சா சுருளு சுருளா விழும், அறுத்தா தூளு கொட்டும். வூடு பூரா பரவும். அத்த மாதா எதால பெருக்கினாங்க? பழத்தட்டாலயா?"

ஃபாதர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்று மடியில் விழுந்தது. எடுத்து மாட்டிக்கொண்டு, "செயலாளரே, தொடப்பம் வரும். அது பேரைச் சொல்லியே கூப்பிடுங்க" என்றார்.

"வரட்டும் ஃபாதர். மைக்ல மட்டும் 'சுத்தம் செய்யும் கருவி'ன்னு சொல்லிக்கறேன்."

"சூசையோட உளிய 'மரம் கொடையற கருவி'ன்னா சொல்றீங்க?" என்றேன்.

"பாக்கலாம், பாக்கலாம்" என்று தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அந்தப் "பாக்கலாம்" எனக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை லட்சுமி

இனிமேல்தான் பெரிய பேஜார். எந்தத் துடைப்பம்?

"நம்ம வூட்ல ஒண்ணு கீதே, அத்த எடுத்துகினு வா" என்றார் என் வீட்டுக்காரர்.

"அது நம்ம வூட்ட பெருக்கறது. அதுக்கு யாரு எனக்கு கூலி குடுக்கறா, நீயா? நீ வேலைக்கு எடுத்துகினு போற உளியதான ஏந்தற? நானும் வேலை செய்யற தொடப்பத்ததான் ஏந்துவேன்."

அங்கேதான் சிக்கல். தச்சனுக்கு உளி சொந்தம், தையல்காரருக்குக் கத்திரி சொந்தம். எங்களுக்குத் துடைப்பம் சொந்தமில்லை. அது நாங்கள் வேலைக்குப் போகிற வீட்டாருடையது.

செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் வசந்தா மேடம் வீட்டில் பல வருஷமாக வேலை செய்துகொண்டிருந்தேன். மேடம் தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் கோலம், விளக்கு, சுலோகம் எல்லாம் தவறாது. நேரம் பார்த்துக் கேட்டேன்.

"மேடம், நாளன்னிக்கு நம்ம பூந்தொடப்பம் ஒரு வேளைக்கு வேணும். கோயிலுக்கு."

"ஏன், உங்க கோயில்ல துடைப்பம் இல்லையா?"

விஷயத்தைச் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"நாளன்னிக்கு வெள்ளிக்கிழமை ஸ்டெல்லா."

"மே தினம் மேடம்."

"வெள்ளிக்கிழமை. துடைப்பத்தை வீட்டை விட்டு வெளியில குடுக்கக் கூடாது. லட்சுமி போயிடுவா. வேணும்னா புதுசா ஒண்ணு வாங்கித் தரேன், நீயே வெச்சுக்கோ."

"புதுசு அங்க செல்லாது மேடம்."

ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவர் கணவர், எங்கள் சார், குரல் கொடுத்தார். "லட்சுமி துடைப்பத்துலயா இருக்கா? நான் இத்தனை நாள் பேங்க்ல தேடிட்டிருந்தேனே."

"நீங்க சும்மா இருங்க" என்றார் மேடம்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கோபம் இரண்டையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தது.

"அங்க இன்னான்னா தொடப்பம் கேவலம், உள்ள வுட மாட்டேன்றாங்க. இங்க இன்னான்னா லட்சுமி, வெளிய வுட மாட்டேன்றீங்க. தொடப்பத்துக்கு ஆளாளுக்கு ஒரு மரியாத வெச்சிகீறீங்க. அத்த புடிச்சிகினு கீற கைக்கு இன்னா மேடம் மரியாத?"

சொல்லிவிட்டேன். வேலை போனாலும் போகும் என்று நினைத்துக்கொண்டே பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு வந்தேன்.

மறுநாள் போனேன். பெருக்கித் துடைத்துவிட்டு நான் கிளம்பும்போது மேடம் வாசலில் வந்து நின்றார்.

"யோசிச்சுப் பார்த்தேன். லட்சுமி தனியாத்தானே போகக் கூடாது? வீட்டுக்காரி கூடப் போயிட்டு, கூடவே திரும்பி வந்தா தப்பில்ல. நானே எடுத்துட்டு வரேன். பூசை எத்தனை மணிக்கு?"

மணியும் வழியும் சொன்னேன். அவர் திடீரென்று ஞாபகம் வந்தவராக, "அது சரி, நீயும் அங்க, நானும் அங்க, துடைப்பமும் அங்க. அப்போ நாளைக்கு வீட்டை யாரு பெருக்கறது?" என்றார்.

இருவரும் சாரைத் திரும்பிப் பார்த்தோம். பேப்பர் இன்னும் கொஞ்சம் மேலே ஏறி அவர் முகத்தை மறைத்தது.

அந்த ஒரு வார்த்தை

வெள்ளிக்கிழமை காலையில் கோயில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மேடம் இறங்கினார். நல்ல பட்டுப் புடவை, தலையில் பூ, கையில் ஒரு வெள்ளைத் துண்டு சுற்றிய பொட்டலம். துண்டைப் பிரித்து என் கையில் கொடுத்தார். நுனி தேய்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்த துடைப்பம். பிடி அவிழாமல் இருக்க நான் கட்டிய நீலக் கயிறு அதில் இருந்தது. அந்தச் சாய்வுகூட என் கைப்பழக்கம்தான்.

"பத்திரம்" என்று சொல்லிவிட்டுக் கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

பவனி ஆரம்பித்தது. "உளி. தச்சுத் தொழிலாளி சூசை" என்று கணீரென்று சொன்னார் லூர்துசாமி அண்ணன். சூசை நடந்தார். அடுத்து நான்.

"அடுத்ததாக… சுத்தம்…" என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். நானும் நின்றேன். அங்கேதான் உங்களை விட்டுவிட்டு வந்தேன்.

பல்லவி இன்னொரு முறை வந்தது. ஆர்கன் வாசிக்கிற பையன் எட்டிப் பார்த்தான். ஃபாதர் பீடத்துப் படியில் இரண்டு கையையும் நீட்டியபடி காத்திருந்தார். அவர் ஒரு கண்ஜாடை காட்டியிருந்தால் போதும், அண்ணன் சொல்லியிருப்பார். ஃபாதர் காட்டவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் அது ஃபாதருக்காகச் சொன்னதாக ஆகியிருக்கும். பின்னால் பெண்கள் முணுமுணுப்பது கேட்டது. ஆனாலும் துடைப்பத்தை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன். நான் கேட்டது சலுகை இல்லையே. எல்லோருக்கும் சொன்னதை எனக்கும் சொல்லுங்கள் என்றேன், அவ்வளவுதான்.

லூர்துசாமி அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். தொண்டையைச் செருமியது ஸ்பீக்கரில் கோயில் முழுக்கக் கேட்டது.

"துடைப்பம்."

பிறகு இன்னும் உரக்க, "துடைப்பம். வீட்டு வேலைத் தொழிலாளி ஸ்டெல்லா" என்றார்.

தொழிலாளி ஸ்டெல்லா! என் பெயருக்கு முன்னால் அந்த வார்த்தையை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. துடைக்கக் கை காலியில்லை. அப்படியே நடந்தேன். ஃபாதர் குனிந்து, பெரிய வியாழனன்று குனிகிற மாதிரியே குனிந்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். உளிக்குப் பக்கத்தில் வைத்தார். சூசை என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினார். அந்த ஆளுக்கும் கண் கலங்கியிருந்தது, கேட்டால் வியர்வை என்பார்.

"பாத்திரம் தேய்க்கும் நார். வீட்டு வேலைத் தொழிலாளி அமலி" என்ற குரல் எனக்குப் பின்னால் கேட்டது. மானம் போகிறது என்றவள், நாரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி வந்தாள்.

குப்பையில் மல்லிகை

பூசை முடிந்து, மல்லிகை சுற்றிய துடைப்பத்தை மேடம் அதே துண்டில் வைத்து எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். நான் அன்று வேலைக்குப் போகவில்லை. மே தினத்தன்று வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து என் கையால் எனக்கே டீ போட்டுக் குடித்தேன். அமிர்தமாக இருந்தது.

மறுநாள் போனபோது துடைப்பம் வழக்கம்போலக் கதவுக்குப் பின்னால் இருந்தது, பூவோடு.

"பூவ எடுத்துரட்டுமா மேடம்?"

"இருக்கட்டும். அதுவா உதிரட்டும். நேத்து இந்த மனுஷன் ஒரு ரூம் கூடப் பெருக்கல தெரியுமா? துடைப்பம் இல்லன்னு சாக்கு."

பெருக்கப் பெருக்க மல்லிகை உதிர்ந்தது. உதிர்ந்ததையும் சேர்த்துப் பெருக்கினேன். அன்று அந்த வீட்டுக் குப்பை மணந்தது. அதன் பிறகு மே ஒன்றாம் தேதி என்னை யாரும் வேலைக்குக் கூப்பிட்டதில்லை, நானும் போனதில்லை.

அடுத்த வருஷம் ஏப்ரல் கடைசியில் ஒரு நாள், பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. லூர்துசாமி அண்ணன். ஈரக் கையோடு எடுத்துக் காதில் வைத்தேன்.

"ஸ்டெல்லா, மே தினம் வருதும்மா. இந்த வருஷம் தொடப்பம் யாரு எடுத்துட்டு வர்றா?"

செருமல் இல்லை, தடங்கல் இல்லை. வெங்காயம் என்ன விலை என்று கேட்பது போலக் கேட்டார்.

"இன்னொரு வாட்டி சொல்லுங்கண்ணா."

"ஏன், கேக்கலையா?"

"நல்லா கேட்டுச்சி. இன்னொரு வாட்டி சொல்லுங்க."

அந்தப் பக்கம் அவர் சிரிப்பது கேட்டது. பிறகு சொன்னார்.